பாட்டி சைகோன்காரர் என்று இப்போதுதான் தெரிகிறது, நான் என்ன செய்வது?

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து 45 வயது அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அப்பா சென்ற ஆண்டு 76 வயதில் காலமானார். பரணைச் சுத்தம் செய்யும்போது ஒரு தகரப் பெட்டி கிடைத்தது. உள்ளே தாத்தாவின் பிரெஞ்சுக் காலத்துக் காகிதங்கள். தாத்தா சைகோனில் சுங்கத் துறை எழுத்தராக இருந்தவர், 1947-ல் ஊர் திரும்பி 1951-ல் இப்போதைய வீட்டை வாங்கியவர், 1971-ல் இறந்தவர். இதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பாட்டி காரைக்கால்காரர், அப்பாவுக்கு எட்டு வயதாகும்போதே போய்விட்டார் என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்த்திருக்கிறார்கள். பெட்டியில் இருந்த புகைப்படத்தில் தாத்தாவுக்குப் பக்கத்தில், கழுத்து மூடிய நீண்ட அங்கி அணிந்து நிற்பவர் ஒரு வியட்நாமியப் பெண். கூடவே பழுப்பேறிய சிறு புத்தகம் ஒன்றும், ஒரு கட்டுக் கடிதங்களும் இருந்தன. கடிதங்களைப் பிரெஞ்சு தெரிந்தவரிடம் காட்டியபோது ஒரு வரிகூடப் புரியவில்லை என்றாராம். 1957 தபால் முத்திரையோடு இரண்டு உறைகள் பிரிக்கப்படாமலே இருக்கின்றன.

அப்பாவின் அக்காவுக்கு இப்போது 81 வயது. படத்தைப் பார்த்ததும், “இதெல்லாம் எதுக்கு? கொளுத்திப் போடு” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குள் விஷயம் வெளியே கசிந்து, ஒரு புரோக்கர் வந்து, அசல் காகிதங்களையும் 3 லட்சம் ரூபாயையும் கொடுத்தால் வாசகிக்கும் மகனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். தாத்தாவின் தம்பி பேரன் வேறொரு பக்கம், “சைகோன்காரியை முறைப்படி கட்டவே இல்லை, அதனால் உன் அப்பாவுக்கு வீட்டில் பாத்தியதை கிடையாது, அது எங்கள் பூர்வீகச் சொத்து” என்று கிளம்பியிருக்கிறார். இந்தக் குடும்பக் கதையை எழுதி வைக்கலாமா, பெங்களூரில் படிக்கும் மகனுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும் என்பதால் எந்த மொழியில் எழுதுவது, அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி அட்டையில் பாட்டியின் பெயரை எப்படிப் போடுவது என்றும் கேட்கிறார். கடைசியில், “அப்படியென்றால் நான் முழுத் தமிழச்சி இல்லையா சார்? இத்தனை நாள் பொய்யிலா வாழ்ந்தேன்?” என்று முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கேள்விகளில் பாதிக்கு அந்தச் சிறு புத்தகமே பதில் சொல்கிறது. அது என்னவென்று தெரியாமல் கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். நான் அங்கேயே தொடங்குகிறேன்.

அந்தச் சிறு புத்தகம்

நீங்கள் அனுப்பிய படத்தில், முதல் இரு பக்கங்களில் கணவன், மனைவி பெயர்களும் இருவருடைய பிறந்த ஊர், பெற்றோர் விவரங்களும் இருக்கின்றன. அடுத்த பக்கங்களில் பிள்ளைகளுக்கென்று வரிசை எண் போட்டுக் கட்டம் கட்டியிருக்கிறது. இரண்டு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. முதலாவது கருநீல மையில், சைகோன் முத்திரையோடு, 1944-ல் உங்கள் அத்தை பிறந்ததைச் சொல்கிறது. இரண்டாவது வேறு கையெழுத்தில், புதுச்சேரி மேரியின் (நகராட்சி அலுவலகத்தின்) முத்திரையோடு, 1948-ல் உங்கள் அப்பா பிறந்ததைச் சொல்கிறது. மீதிக் கட்டங்கள் காலி.

இதற்கு லிவ்ரே தெ ஃபமீய், அதாவது குடும்பப் பதிவேடு என்று பெயர். திருமணத்தைப் பதிவு செய்தவுடன் பதிவு அலுவலர் தம்பதியின் கையில் கொடுப்பது. பிறகு குழந்தை பிறக்கப் பிறக்க அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அலுவலரே எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைப்பார். உங்கள் தாத்தா பாட்டியின் திருமணம் 1943-ல் சைகோனில் பதிவானது என்று அதன் முதல் பக்கமே சொல்கிறது. “முறைப்படி கட்டவில்லை” என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டாம்.

ஆனாலும் புத்தகத்தோடு நின்றுவிடாதீர்கள். அது எடுத்தெழுதியதுதான், மூலம் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டு பிரதிகள் வாங்குங்கள். ஒன்று, அப்பாவின் 1948 பிறப்புப் பதிவு. இது புதுச்சேரி நகராட்சியின் எத்தா சிவில், அதாவது பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேட்டில் இருக்கும். கணினியில் அச்சடித்துத் தரும் சுருக்கச் சான்றிதழ் போதாது, பிரெஞ்சில் கையால் எழுதிய மூலப் பதிவின் முழு நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். தந்தையின் தொழில், தாயின் பெயர், சாட்சிகள் எல்லாம் அதில்தான் வரும். பிற்காலத் திருமணம் போன்றவற்றை ஓரத்தில் குறித்து வைக்கும் வழக்கமும் உண்டு, அந்த ஓரக் குறிப்பையும் சேர்த்துக் கேளுங்கள். மற்றொன்று 1943 திருமணப் பதிவு. முன்னாள் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் எழுதப்பட்ட, நூறாண்டு தாண்டாத பதிவுகளைப் பிரான்சின் நாந்த் நகரில் உள்ள மத்திய எத்தா சிவில் அலுவலகம் வைத்திருக்கிறது. பிரெஞ்சுச் சட்டப்படி திருமணப் பதிவு 75 ஆண்டு கடந்தால் யார் வேண்டுமானாலும் நகல் கேட்கலாம். நீங்களே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். நகலுக்குக் கட்டணம் இல்லை. இதற்கு எந்தப் புரோக்கரும் தேவையில்லை.

தாத்தாவின் பெயருக்குப் பின்னால் இருந்த பெயர்

தாத்தாவின் காகிதங்களில், அப்பா ஒருநாளும் பயன்படுத்தாத ஒரு பிரெஞ்சுப் பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றும், “நாங்கள் சட்டைக்காரர்களா?” என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தப் பெயருக்கும் ஐரோப்பிய ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை.

1881 செப்டம்பர் 21 அன்று பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. பிரெஞ்சு இந்தியாவில் பிறந்தவர்கள், விரும்பினால், தங்கள் சாதி, மதம் சார்ந்த தனிச்சட்டத்தைத் துறந்துவிட்டு, திருமணம், வாரிசுரிமை எல்லாவற்றிலும் பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது. அப்படித் துறந்தவர்கள்தான் ரெனோன்சான்கள். துறக்கும்போது குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்து பதிவு செய்ய வேண்டும். அது பரம்பரையாகத் தொடரும். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1873-ல், பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியரைப் போலக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, பாரிஸ் வரை முறையிட்டு வென்றார். பின்னாளில் லப்போர்த் என்ற பெயரைச் சூடிக்கொண்டு ரெனோன்சான்களுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். துறந்தவர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். சாதி வைத்த இடத்திலேயே நிற்க மாட்டோம் என்று முடிவெடுத்த குடும்பங்களும் நிறைய. உங்கள் முன்னோர் ஒருவர் அலுவலர் முன்னால் நின்று அந்த முடிவை எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றால், அது நீங்கள் பெருமைப்பட வேண்டிய காகிதம். லாஸ்பேட்டை ஜீவானந்தபுரத்தில் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிப் பதிவு மையம் இருக்கிறது. பிரெஞ்சுக் கால ஆவணங்களைத் தேட நேரம் கிடைக்கும்போது ஒருமுறை போய் வாருங்கள்.

வீடு

இந்தப் பெயர் வெறும் பெருமைக்கு மட்டும் உரியதல்ல. உங்கள் பங்காளியின் வாதமும் இதில்தான் விழுகிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தில், இந்துக் கூட்டுக் குடும்பத்தில் இருப்பதுபோல், பிறந்ததுமே பாத்தியதை வரும் பூர்வீகச் சொத்து என்ற ஏற்பாடே கிடையாது. ஒருவர் பெயரில் உள்ளது அவருடையது, அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகளுடையது. அதோடு இது தாத்தா 1951-ல் தம் பெயரில் நொத்தேர் (பிரெஞ்சுக் காலப் பத்திர அலுவலர்) முன்னிலையில் எழுதி வாங்கிய வீடு. தம்பி வழிக்கு இதில் இடம் இல்லை. அவர் நோட்டீஸ் அனுப்பினால் பதில் அனுப்பினால் போதும். வாய்ப்பேச்சுக்குப் பதில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்து நான் சொல்லப்போவது நீங்கள் எதிர்பார்க்காததாக இருக்கலாம். கடிதத்தில் போகிற போக்கில், “அத்தைக்குத் தாத்தா நகை போட்டுச் சீர் செய்து கட்டிக் கொடுத்துவிட்டார், அதனால் வீடு அப்பாவுக்கும் எனக்கும் தம்பிக்கும்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். அது அப்படி இல்லை. பிரெஞ்சு சிவில் சட்டப்படி மகனும் மகளும் சமம். 1962-க்குப் பிறகும் ரெனோன்சான்களை இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. ஒரு பேச்சுக்கு, கிறிஸ்தவர்கள் என்பதால் 1925-ன் இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும் என்று யாராவது வாதிட்டாலும், அதிலும் மகளுக்கும் மகனுக்கும் ஒரே பங்குதான். தாத்தா உயில் எழுதி வைக்கவில்லை, பாட்டி அவருக்கு முன்பே இறந்துவிட்டார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் 1971 முதல் வீட்டில் பாதி உங்கள் அத்தையுடையது. இத்தனை வருஷம் நீங்கள் குடியிருந்தீர்கள் என்பதால் அது போய்விடாது. கூட்டு வாரிசு ஒருவரின் அனுபோகம் மற்றவரின் அனுபோகமாகவும்தான் கணக்கு, அவரை வெளிப்படையாக மறுத்து விலக்கியிருந்தாலொழிய.

அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்காததால் உரிமை இல்லை என்று ஆகாது. நகராட்சியில் வீட்டு வரியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பம் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அத்தையிடம் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். வாரிசுச் சான்றிதழில் அவர் பெயரை விட்டுவிட்டு ஏதாவது செய்தால், பின்னால் அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டால் உங்கள் பக்கம் நிற்கும் வழக்கறிஞருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவர் பங்கைக் கொடுப்பதா, அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறாரா என்பது உங்களுக்குள் பேச வேண்டியது. பேசும்போது அவருடைய பிள்ளைகளும் கூட இருக்கட்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை

புரோக்கர் சொல்வதை நம்ப வேண்டாம். காரணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள், நாளைக்கு இன்னொருவர் வருவார்.

1954 நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ல் நடந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, இந்தப் பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அந்த நாளில் இங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் தாமாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம், பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். 18 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளைகளுக்குத் தகப்பனாரின் முடிவே முடிவு. உங்கள் தாத்தா புதுச்சேரியில் பிறந்தவர், 1962-ல் இங்கே இருந்தவர், எழுதிக் கொடுத்ததாக ஒரு காகிதமும் இல்லை. பிறகு இந்திய பாஸ்போர்ட் எடுத்திருக்கிறார். அப்பா இங்கேயே பிறந்தவர், அப்போது வயது 14. இருவரும் அன்றே இந்தியக் குடிமக்கள் ஆகிவிட்டார்கள். பாட்டி சைகோனில் பிறந்தவர் என்பது இந்தக் கணக்கை மாற்றாது. அத்தை சைகோனில் பிறந்தவர். அவருடைய நிலையைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். அவர் கேட்காதவரை அந்தப் பேச்சு நமக்கு வேண்டாம்.

இதற்கு மேல் இன்னொரு தடையும் இருக்கிறது. பிரான்சுக்கு வெளியே அரை நூற்றாண்டுக்கு மேல் குடும்பமாகத் தங்கிவிட்டு, தாமும் பெற்றோரும் பிரெஞ்சுக் குடிமக்களாக நடத்தப்படாமலே இருந்தவர்கள், வம்சாவளியைக் காட்டிக் குடியுரிமையை நிரூபிக்க வர முடியாது என்று பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு சொல்கிறது. 1962-லிருந்து எண்ணினால் 50 ஆண்டு 2012-லேயே முடிந்துவிட்டது. உங்கள் வீட்டில் பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர், தூதரகத்தில் பதிவு செய்துகொண்டவர் யாரும் இல்லை.

வேறு வழியாகக் கிடைத்தது என்றே வையுங்கள். அயல்நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை அந்தக் கணமே போய்விடும். அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அது வேலையையும் தொடும் விஷயம். மகனுக்குப் பிரான்சில் படிக்கும் ஆசை இருந்தால் மாணவர் விசா இருக்கிறது. பிரெஞ்சு கற்றுக்கொண்டு நேர் வழியில் போகட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த அசல் காகிதங்களில் ஒன்றைக்கூட யார் கையிலும் கொடுக்காதீர்கள். உண்மையான லிவ்ரே ஒன்றை வைத்துக்கொண்டு அதில் காலியாக இருக்கும் கட்டங்களில் வேறு யாருடைய பிள்ளைகளையும் எழுதிச் சேர்க்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றாது. தோன்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி நடந்தால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

அத்தை

கடிதங்களைப் பற்றி இப்போது சொல்கிறேன். அவை பிரெஞ்சும் அல்ல, ரகசிய எழுத்தும் அல்ல. நீங்கள் அனுப்பிய பக்கத்தில் உயிரெழுத்துகளின் மேலும் கீழும் கொக்கியும் புள்ளியும் இரட்டைக் குறிகளும் இருக்கின்றன. அது ரோமன் எழுத்தில் எழுதிய வியட்நாமிய மொழி. உறையின் பின்புறம் சைகோன் முகவரி இருக்கிறது. பாட்டியின் பிறந்த வீட்டிலிருந்து யாரோ தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இனி உங்கள் அத்தையின் வயதைக் கணக்குப் போடுங்கள். 1944-ல் பிறந்தவர். மூன்று வயதில் கப்பலில் இங்கே வந்தார். அம்மா இறந்தது 1956-ல், அவருக்கு 12 வயது. 12 வயதுவரை அம்மாவோடு பேசிய மொழி இதுவாகத்தான் இருக்கும். பிறகு கல்யாணப் பேச்சு வந்தபோது, அம்மா காரைக்கால்காரர் என்று சொல்லிக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். சைகோன் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளின் கண்ணையும் மூக்கையும் சொல்லித் தெருவில் கேலி செய்த காலம் அது. புகுந்த வீட்டாருக்கு இன்று வரை தெரியாமலும் இருக்கலாம். உங்களுக்குச் சென்ற மாதம் தெரிந்த செய்தியை அவர் அறுபது எழுபது வருஷமாக வாய் திறக்காமல் சுமந்திருக்கிறார். “கொளுத்திப் போடு” என்றதை வெறுப்பு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பயமாகத் தெரிகிறது. தன் பிள்ளைகள் முன்னால், பேரப் பிள்ளைகள் முன்னால், இந்த வயதில் ஒரு பொய் சொன்னவராக நிற்க வேண்டுமே என்ற பயம்.

கொளுத்த வேண்டாம். அந்தக் காகிதங்கள் அப்பாவின் வாரிசுகளான உங்களுக்கும் தம்பிக்கும், கூடவே அத்தைக்கும் பொதுவானவை, ஒருவர் சொன்னதற்காக இன்னொருவர் அழிக்க வேண்டியதில்லை. அதே நியாயப்படி, அந்த இரண்டு உறைகளை நீங்கள் தனியாகப் பிரிக்கவும் வேண்டாம். அவர் அம்மா இறந்த மறுவருஷம் அவர் வீட்டுக்கு வந்த கடிதம் அது. பிரிப்பதா, வைப்பதா, யாரை வைத்துப் படிக்கச் சொல்வது என்று முடிவெடுக்கும் முதல் உரிமை அத்தைக்குத்தான்.

எப்படிப் பேசுவது என்று கேட்டிருந்தீர்கள். படத்தை நீட்டி இது யார் என்று கேட்காதீர்கள், அது விசாரணைபோல இருக்கும். அவர் தனியாக இருக்கும் ஒரு மத்தியானம் போங்கள். கேள்வி கேட்காமல், உங்களுக்குத் தெரிந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்: “அத்தை, பாட்டி சைகோன் என்று எனக்குத் தெரியும். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் சொல்லாமல் நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.” அவ்வளவு போதும். அவர் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் காப்பி குடித்துவிட்டு வந்துவிடுங்கள். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அத்தை மெல்லிய அரிசித் தாளில் சேமியாவும் இறைச்சியும் வைத்துச் சுருட்டிப் பொரித்துத் தருவார், அதை வீட்டில் எல்லோரும் நெம் என்போம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று நீங்கள் யாரும் கேட்டதில்லை. அவர் தன் அம்மாவை மறைத்தார் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் தட்டில் வைத்திருக்கிறார்.

நீங்கள் முழுத் தமிழச்சியா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்கள் 1859-ல் சைகோனைப் பிடித்தார்கள், 1862-ல் ஒப்பந்தப்படி கொச்சின்சீனாவின், அதாவது தென் வியட்நாமின், கிழக்கு மாகாணங்கள் அவர்கள் கைக்குப் போயின. அதன்பின் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் எழுத்தர்களாக, போலீஸ்காரர்களாக, சொல்தாக்களாக (படைவீரர்களாக), வியாபாரிகளாகத் தலைமுறை தலைமுறையாகக் கப்பல் ஏறினார்கள். சைகோனில் தமிழர்கள் மாரியம்மன் கோவிலே கட்டினார்கள். 1954-ல் தியென் பியென் ஃபூவில் பிரான்ஸ் தோற்ற பிறகு திரும்பி வந்த குடும்பங்கள் ஏராளம். உங்கள் பாட்டி எதிர்த்திசையில், தெரியாத ஊருக்கு, மூன்று வயதுக் குழந்தையோடு கப்பல் ஏறியவர். இங்கே வந்து தமிழ் கற்று, தமிழ்ப் பிள்ளைகளை வளர்த்து, இந்த மண்ணிலேயே அடங்கினார். அவரால் உங்கள் தமிழில் எதுவும் குறையவில்லை. அவர் உங்கள் அப்பாவிடம் பேசிய தமிழைத்தான் நீங்களும் பேசுகிறீர்கள்.

எழுதுவது

எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். எழுதுவதற்குச் சட்டத்தில் தடை இல்லை. வெளியிடுவதுதான் வேறு. உங்கள் வீட்டுக்குள், மகனுக்கும் தம்பி பிள்ளைகளுக்கும் என்று எழுதி வைப்பதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. பொதுவெளியில் போடுவதாக இருந்தால், அத்தை உயிரோடு இருக்கும்வரை அவர் சம்மதம் இல்லாமல் செய்யாதீர்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லிவிட்டது. அது 81 வயதுப் பெண்மணியின் பிறப்புக் கதைக்கும் சேர்த்துத்தான். இறந்தவர்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று நினைப்பதும் சரியல்ல. உறவினர் மனத்தைப் புண்படுத்தும் நோக்கத்தோடு இறந்தவர் பெயரைக் கெடுத்து எழுதினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவின்படி அதுவும் அவதூறாகலாம். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, தெரியும். பங்காளி மேல் இருக்கும் கோபத்தில் அவர் தாத்தாவைப் பற்றி இரண்டு வரி எழுதிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதக் காகிதம் உங்களுடையதானாலும், அதில் உள்ள எழுத்தின் பதிப்புரிமை எழுதியவரின் வாரிசுகளுடையது. முழுக் கடிதத்தையும் அச்சில் கொண்டுவர நினைத்தால் முதலில் அந்த முகவரிக்கு ஒரு கடிதம் போடுங்கள். பதில் வந்தால் உங்களுக்கு ஒரு உறவே கிடைக்கும்.

மொழி விஷயத்தில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. தமிழில் எழுதுங்கள். மகனுக்கு ஆங்கிலம்தான் சுலபம் என்பதற்காக ஆங்கிலத்தில் எழுதினால், அத்தை சொன்ன வார்த்தை ஒன்றும் அதில் இருக்காது, நீங்கள் விளக்கியது மட்டும்தான் இருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்கு அருகில் இருந்தவர், பிரெஞ்சில் எழுதியிருக்கலாம். ஆனால் 1736 முதல் தம் நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார். அதனால்தான் அன்றைய புதுச்சேரியில் ஆட்கள் எப்படிப் பேசினார்கள் என்பது இன்று நம் காதில் விழுகிறது. அத்தை பேசச் சம்மதித்தால் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள், அவர் சொன்னபடியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மகன் லீவுக்கு வரும்போது அதை அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். தட்டுத்தடுமாறிப் படிக்கிறவனுக்குத் தன் வீட்டுக் கதையைவிட நல்ல பாடம் கிடைக்காது.

காகிதங்களைப் பற்றி, அவசரமாக: லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசி, கிளிப் இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். கடற்காற்றில் அவைதான் முதலில் காகிதத்தைத் தின்னும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு புறமும் படம் எடுங்கள். உறைகளையும் தபால் முத்திரை தெரியும்படி எடுங்கள். தம்பியிடம் ஒரு பிரதி இருக்கட்டும். அசலைத் தகரப் பெட்டியிலிருந்து எடுத்து, ஈரம் படாத அலமாரியில் வையுங்கள்.

கடைசியாக, அடுத்த மாதத் திருப்பலி அட்டை. காரைக்கால் என்றும் போட வேண்டாம், சைகோன் என்றும் போட வேண்டாம். லிவ்ரேயில் பாட்டிக்கு இரண்டு பெயர்கள் இருக்கின்றன, ஒன்று வியட்நாமியப் பெயர், ஒன்று ஞானஸ்நானப் பெயர். வீட்டில் எல்லோரும் சொல்லி வந்ததும் அதே ஞானஸ்நானப் பெயர்தான். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் அதைப் போடுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன்னால் ஒருமுறை அத்தையிடம் காட்டிவிடுங்கள்.